ஆலை வாசலில் எத்தனை கொடிகள்?

திருவிழாக் கொடி ஏறினால் அதனடியில் ஊரே கூடுவது நம் வழக்கம். கோயம்புத்தூரின் பழைய நூற்பாலைகளின் வாசலிலும் கொடிகள் உண்டு. ஆனால் அவை ஒன்றல்ல, பல. செங்கொடியிலேயே ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றோடு மூவண்ணக் கொடி, இருவண்ணக் கொடி என்று இன்னும் சில. ஒரே கூடத்தில், ஒரே பஞ்சுத் தூசியை மூச்சோடு இழுத்து எட்டு மணி நேரம் நூல் நூற்றவர்கள், சங்கு ஊதியதும் வெளியே வந்து வெவ்வேறு கொடிகளின் கீழே பிரிந்து நின்றார்கள். இக்காட்சி நம் கண்ணுக்குப் பழகிப்போயிற்று. அதனாலேயே, இது எவ்வாறு நேர்ந்தது, இதனால் உழைப்பாளர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்று நாம் கேட்பதில்லை. கொங்கு நாட்டு ஆலைத் தொழிலாளர் சங்கங்களின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது அவ்வினாவுக்கு விடை தேட உதவும். இன்று எந்தக் கொடியின் நிழலும் இன்றி நிற்பவர்கள் யார் என்பதையும் நமக்குக் காட்டும்.

கோவையின் முதல் நூற்பாலையை ராபர்ட் ஸ்டேன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1888-ஆம் ஆண்டில் நிறுவினார். ‘ஸ்டேன்ஸ் மில்’ என்று மக்கள் வாயில் நிலைத்த ஆலை அதுவே. அது தோன்றிய மூன்றாம் ஆண்டில், 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்தவர், ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொள்வது அரசு அளிக்கும் சலுகை அன்று என்றும், கூடிவாழும் மனித இயல்பிலிருந்தே எழும் உரிமை என்றும் அம்மடல் போதித்தது. அன்றைய இந்தியாவிலோ, வயதுவந்த ஆண் தொழிலாளியின் வேலை நேரத்துக்குச் சட்டப்படி எந்த வரம்பும் இல்லை. 1911-ல்தான் துணி ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் என்னும் வரம்பு வந்தது. 1922-ல் அது வாரத்துக்கு 60 மணி ஆயிற்று; 1934-ல் 54 ஆயிற்று; 1946-ல்தான் 48 மணியில் வந்து நின்றது. இந்த எண்கள் தாமாகக் குறையவில்லை. ஒவ்வொரு படியிலும் யாரோ கூடிப் பேசினார்கள், யாரோ வேலை இழந்தார்கள், யாரோ சிறை சென்றார்கள்.

அவ்வாறு சிறை சென்றவர்களுள் முதல்வராக நாம் நினைக்கத்தக்கவர் வ.உ. சிதம்பரனார். தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடத்திய வேலைநிறுத்தத்துக்குச் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து அவர் துணை நின்றார்; வேலைநிறுத்தம் வென்றது. சில நாள்களிலேயே அவர் கைதானார். அவர் செக்கிழுத்தது நம் கோவைச் சிறையில்தான். பத்தாண்டு கழித்து, 1918-ல், சென்னையில் பி.பி. வாடியா, திரு.வி.க. ஆகியோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. 1920 அக்டோபர் 31 அன்று பம்பாயில் லாலா லஜபதிராய் தலைமையில் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸ், அதாவது ஏ.ஐ.டி.யு.சி., பிறந்தது. நாடு முழுவதற்குமான முதல் தொழிற்சங்க மையம் அது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டத்தின் காப்பு 1926-ல் கிடைத்தது. சங்கம் என்பது சதி என்று கருதப்பட்ட காலம் அவ்வாறு முடிவுக்கு வந்தது.

கோவையில் சங்கம் வேரூன்றியது முப்பதுகளில். நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து 1930-களின் தொடக்கத்தில் மின்சாரம் சமவெளிக்கு இறங்கிவந்தது. கரிசல் நிலத்தின் பருத்தி, கையிலிருந்த மூலதனம், மலிவான மின்சாரம் ஆகிய மூன்றும் கூடியதும் பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. ஆலை முதலாளிகள் 1933-ல் தென்னிந்திய ஆலைகள் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். ஆம், முதலாளிகளும் சங்கத்தின் பயனை அறிந்தவர்களே. சோளமும் கம்பும் விளைத்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆலைக்கு வந்தார்கள். நிலமுள்ளவன் வீட்டு மகனும், அந்நிலத்தில் பண்ணையாளாக இருந்தவன் வீட்டு மகனும் ஒரே ஷிப்டில் வேலை செய்யும் புதுமை அங்கே நிகழ்ந்தது. ஊரில் ஒரு கிணற்றில் நீர் எடுக்க முடியாதவர்கள், சங்கக் கூட்டத்தில் ஒரே பாயில் அமர வேண்டியதாயிற்று. சாதி அதனால் மறைந்துவிடவில்லை. ஆயினும், ‘நாம்’ என்னும் சொல்லுக்குச் சாதியைக் கடந்த ஒரு பொருள் கொங்கு நாட்டின் நடைமுறையில் கிடைத்தது. தொழிற்சங்கத்தின் சாதனைகளைக் கணக்கிடுவோர் சம்பள உயர்வைச் சொல்வார்கள். இதையும் சொல்ல வேண்டும்.

அக்காலத்தின் கோவைத் தொழிலாளர் தலைவர்களுள் இன்றும் நினைக்கப்படுபவர் என்.ஜி. ராமசாமி. தம் இளமை முழுவதையும் ஆலை வாசல்களிலும் சிறைகளிலும் செலவிட்டவர். 1937-ல் சென்னைச் சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1912-ல் பிறந்த அவர் 1943-லேயே மறைந்தார். அவர் பொதுவாழ்வில் நுழைந்த காலத்தை நாம் கவனிக்க வேண்டும். 1934-ல் தோன்றிய காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சிக்குள், பின்னாளில் காங்கிரஸ்காரர், சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் என்று மூன்று திசைகளில் பிரிந்து போனவர்கள் சில ஆண்டுகள் ஒன்றாக இருந்தார்கள். நாற்பதுகள் பிறந்தபோது அக்கூட்டு உடைந்தது. உடைந்த கோடு அப்படியே ஆலைக்குள்ளும் நீண்டது.

1946-ஆம் ஆண்டு கோவைத் தொழிலாளர் வரலாற்றில் இரத்தத்தால் எழுதப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் என்னும் நான்கு ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். ஆலைத் தகராற்றினூடே நிகழ்ந்த ஒரு கொலையின் வழக்கில் அவர்களுக்கு இத்தண்டனை விதிக்கப்பட்டது. நால்வரும் இளைஞர்கள். வ.உ.சி. செக்கிழுத்த சிறையே நால்வரின் உயிரையும் வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்கள் மீது போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் பதினொருவர் மாண்டார்கள். கொலையை நாம் நியாயப்படுத்த இயலாது; தூக்குக் கயிற்றையும் நியாயப்படுத்த இயலாது. ஒன்று மட்டும் தெளிவு. சங்கம் என்னும் சொல்லுக்கு அன்று கோவையில் உயிரை விலையாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். அச்சொல்லைப் பின்வந்தவர்கள் எவ்வாறு கையாண்டார்கள் என்பதே நம் கேள்வி.

விடுதலை வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, 1947 மே மாதத்தில், காங்கிரஸ் சார்பாளர்கள் ஐ.என்.டி.யு.சி. என்னும் புதிய மையத்தை அமைத்தார்கள். 1948-ல் சோசலிஸ்டுகள் எச்.எம்.எஸ். என்னும் மையத்தை அமைத்தார்கள். 1955-ல் பி.எம்.எஸ். எழுந்தது. கம்யூனிஸ்ட் கட்சி 1964-ல் இரண்டாகப் பிரிய, 1970-ல் ஏ.ஐ.டி.யு.சி.யிலிருந்து சி.ஐ.டி.யு. பிரிந்தது. அதே ஆண்டில் தி.மு.க.வின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் பேரவையாக உருப்பெற்றது, பின்னர் அ.தி.மு.க.வுக்கும் ஓர் அண்ணா தொழிற்சங்கப் பேரவை வந்தது. டெல்லியிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் கட்சிகள் பிரிந்த ஒவ்வொரு முறையும், கோவையின் ஆலை வாசலில் ஒரு புதிய கொடிமரத்துக்குக் குழி தோண்டப்பட்டது. குழி தோண்டுமுன் கார்டிங் பகுதித் தொழிலாளியையோ ரீலிங் பகுதிப் பெண்ணையோ யாரும் கலந்து பேசியதாகத் தெரியவில்லை.

இதனால் தீமை மட்டுமே விளைந்தது என்பது நேர்மையான கூற்றாகாது. ஒரு சங்கத்தின் தலைவர் முதலாளியோடு மிக நெருங்கிவிட்டார் என்று கண்ட தொழிலாளி, அடுத்த சங்கத்தின் கதவைத் தட்ட முடிந்தது. போட்டி தலைவர்களை விழிப்போடு வைத்தது. தொழிற்சங்க அரங்கில் வளர்ந்தவர்களைக் கோவை வாக்காளர்கள் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள்: பார்வதி கிருஷ்ணன் 1957-லும், 1974 இடைத்தேர்தலிலும், 1977-லும் வென்றார், கே. ரமணி 1967-ல் வென்றார். பஞ்சப்படி, போனஸ், பணிக்கொடை, ஈட்டுறுதி மருத்துவம் ஆகியவை ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குள் வந்தன. ‘மில்லில் நிரந்தரம்’ என்றால் பெண் கொடுக்கத் தயங்காத காலம் ஒன்று கோவையில் இருந்தது. ஓட்டு வீடு கட்டியவர்களும், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் அத்தலைமுறையில் பலர். பங்கஜா மில் சாலையை அடுத்த நம் புலியகுளம் அந்தோணியார் ஆலயப் பகுதியில் வாழ்வோருக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் விலை கொடுத்தாகவேண்டியிருந்தது. ஒரு சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை அடுத்த சங்கம் துரோகம் என்றது. ஒரு கொடி வேலைநிறுத்தம் அறிவித்தால், இன்னொரு கொடி வேலைக்குப் போகச் சொன்னது. பதிலித் தொழிலாளியின் வேதனை, நிரந்தரத் தொழிலாளியின் சங்கத்துக்கு இரண்டாம் பட்சமாயிற்று. சந்தா கொடுத்தவனின் குரலைவிடக் கட்சி அலுவலகத்தின் குரல் வலுப்பெற்ற இடங்களில், சங்கம் தொழிலாளியின் வீடாக இருந்த நிலை மாறி, அவன் குடியிருக்கும் வாடகை வீடாயிற்று.

அப்படியானால் எல்லாக் கொடிகளையும் இறக்கி ஒரே கொடியை ஏற்றிவிட்டால் போதுமா? இவ்வழியைத் தேர்ந்து பார்த்த ஒரு நாடு உண்டு. அந்நாட்டுக்கும் நம் மறைமாவட்டத்துக்கும் ஓர் உறவும் உண்டு. கோவைத் தலத்திருச்சபையின் முதல் ஆயரான மரியோன் தெ பிரெசிலாக் ஆண்டகை, 1846-ல் நம் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். இங்கிருந்து விலகி பிரான்சு திரும்பிய அவர், 1856-ல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவினார். 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குச் சென்று, ஆறே வாரங்களில் பிரீடவுன் நகரில் காய்ச்சலுக்கு இரையானார். அவர் சபையின் குருக்கள் 1880-ல் அதே கடற்கரையில் எல்மினா என்னும் ஊரில் இறங்கினார்கள். அன்று ‘தங்கக் கடற்கரை’ என வழங்கிய அந்நாடே இன்றைய கானா.

கானாவில் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1945-ல் அமைந்தது. 1950 ஜனவரியில் குவாமே நுக்ருமாவின் விடுதலைப் போராட்டத்தோடு சேர்ந்து அது பொது வேலைநிறுத்தம் செய்தது. 1957-ல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே ஒரு சட்டம் நாட்டிலுள்ள சங்கங்களை ஒரே மையத்தின் கீழ்க் கொண்டுவந்தது. சந்தாவைச் சம்பளத்திலிருந்தே பிடித்துத் தரும் ஏற்பாடும் வந்தது. ஆலை வாசலில் ஒரே கொடி. ஆனால் அக்கொடியின் கயிறு ஆளும் கட்சியின் கையில் இருந்தது. 1961 செப்டம்பரில், கட்டாயச் சேமிப்பு என்று சம்பளத்தில் கைவைத்த வரவு-செலவுத் திட்டத்தை எதிர்த்து, செகொண்டி-டாகொராடி நகரின் இரயில்வே, துறைமுகத் தொழிலாளர்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய மையத்தின் தலைமை அரசின் பக்கம் நின்றது. வேலைநிறுத்தத் தலைவர்கள் விசாரணையின்றிச் சிறையிலிடப்பட்டார்கள். பத்தாண்டு கழித்து, 1971-ல், வேறொரு அரசு இன்னொரு சட்டத்தால் அந்த மையத்தையே கலைத்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியபின்தான் அது மீண்டும் உயிர் பெற்றது. சட்டம் ஒட்டவைத்த ஒற்றுமையைச் சட்டமே கிழிக்கவும் முடியும் என்பதைக் கானாவின் உழைப்பாளர்கள் தம் அனுபவத்தில் கண்டார்கள்.

எனவே கொடிகளின் எண்ணிக்கை நோயின் வேர் அன்று. பல கொடிகளோடும் ஒன்றுபட முடியும் என்பதற்கு நம் அருகிலேயே சான்று உண்டு. திருப்பூரின் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள் 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்கு மாதச் சம்பளமின்றி ஒரு நகரத்தின் தொழிலாளர் குடும்பங்கள் தாங்கி நின்றது எளிய செய்தி அன்று. அதன்பின் ஏற்றுமதி பெருகிய ஆண்டுகளில், சம்பள ஒப்பந்தப் பேச்சு வந்தபோதெல்லாம், வெளியே மேடைகளில் மோதிக்கொள்ளும் கட்சிகளின் சங்கங்கள் உள்ளே ஒரே மேசையின் ஒரே பக்கத்தில் அமர்ந்து பேசின. கொடி வெவ்வேறு, கோரிக்கைப் பட்டியல் ஒன்று. தொழிலாளியின் அடுப்பை முன்னே வைத்துக் கட்சியைப் பின்னே வைத்தால் ஒற்றுமை இயல்பாகவே கிட்டும் என்பதற்கு இது போதிய சான்று.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-ல் வெளியிட்ட ‘லபோரெம் எக்சர்சென்ஸ்’ என்னும் சுற்றுமடல் இக்கருத்தையே தெளிவாக்குகிறது. இளமையில் கல்லுடைக்கும் பணியிலும் இரசாயன ஆலையிலும் வேலை செய்தவர் அவர். அவருடைய தாய்நாடான போலந்தில் அதற்கு முந்தைய ஆண்டில்தான் ‘சாலிடாரிட்டி’ தொழிற்சங்கம் எழுந்திருந்தது. தொழிற்சங்கம் இன்றைய சமுதாயத்துக்கு இன்றியமையாதது என்கிறார் அவர். நீதிக்கான போராட்டத்தின் வாயாகச் சங்கம் இருக்க வேண்டும்; ஆனால் அது யாரையும் பகைப்பதற்காக எழுந்த போராட்டமாகிவிடலாகாது என்கிறார். ஆட்சியைப் பிடிக்கப் போட்டியிடும் கட்சியைப்போல் சங்கம் நடந்துகொள்ளலாகாது. கட்சியின் முடிவுகளுக்கு அடிமைப்படவும் கூடாது. அடிமைப்பட்டால் தன் பணியிலிருந்து வழுவி வேறு நோக்கங்களுக்குக் கருவியாகிவிடும் என்று எச்சரிக்கிறார். கோவைக்கும் கானாவுக்கும் சேர்த்தே எழுதியதுபோல் இருக்கிறது இது.

இன்றைய நிலையை எண்ணிப் பார்ப்போம். பழைய பெரிய ஆலைகள் பல மூடப்பட்டன. அரசு எடுத்து நடத்திய என்.டி.சி. ஆலைகளின் இயந்திரங்கள் 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தோடு நின்றன. ஆனால் நூற்பு நின்றுவிடவில்லை. நகரை விட்டுக் கிராமப்புறங்களுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே புதிய ஆலைகள் எழுந்தன. வாசலில் கொடிமரங்கள் எழவில்லை. மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி ஏழைப் பெண்பிள்ளைகளை ஆலை விடுதிகளில் தங்கவைத்த ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் முறையை நாம் அறிவோம். விடுதிச் சுவருக்குள் இருந்த அச்சிறுமியரை எந்தச் சங்கமும் எளிதில் சந்திக்க முடியவில்லை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்து இன்று நம் ஆலைகளிலும் பட்டறைகளிலும் உழைப்பவர்களுக்கு நம் மொழியே தெரியாது. நம் கொடிகளின் நிறம் என்ன தெரியும்?

இந்நிலையில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. அண்டை மாவட்டமான திண்டுக்கல்லில், பெண்களே தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பெண்களுக்கு எதிரான வன்முறையையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்க, நிறுவனத்தோடும் வெளிநாட்டு வணிக நிறுவனங்களோடும் 2022-ல் ஒப்பந்தம் கண்டது. எந்தப் பெருங்கட்சியும் அச்சங்கத்தை வளர்க்கவில்லை. தம் அச்சத்தைத் தாமே எண்ணிப் பார்த்துக் கூடிய பெண்கள் வளர்த்தார்கள். இன்னொரு பக்கம், 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, ஓர் ஆலையில் 51 விழுக்காட்டுத் தொழிலாளரின் ஆதரவு பெற்ற சங்கமே தனியாகப் பேச வேண்டும் என்கிறது; அத்தகைய சங்கம் இல்லாவிடில், 20 விழுக்காடு ஆதரவுள்ள சங்கங்கள் சேர்ந்த பேச்சுக் குழு பேச வேண்டும் என்கிறது. ஒரே குரல் நல்லதே. ஆனால் அக்குரல் யாருடையது என்பதைக் கானாவின் கதையை அறிந்தவர்கள் கேட்காமல் இருக்க முடியாது.

இவையெல்லாம் சங்கத் தலைவர்களின் கவலை, நமக்கென்ன என்று நாம் விலகிக்கொள்ளலாகாது. நம்மில் ஆலை வைத்திருப்போர் உண்டு, மேலாளர்கள் உண்டு, சங்க உறுப்பினர் உண்டு, வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒப்பந்தக்காரரும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் பின்வரிசையில் வந்து அமைதியாக நிற்கும் ஜார்க்கண்டு இளைஞனின் பெயரை நாம் கேட்டதுண்டா? அவனுக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கிறார்களா, விரல் நசுங்கினால் மருத்துவம் யார் பார்ப்பார்கள் என்று விசாரித்ததுண்டா? நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோர் தமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்று வந்தால், அதைச் சிங்கராயரின் கண்ணோடு பார்ப்போமா, ஆலை முதலாளியின் கண்ணோடு பார்ப்போமா? நீதியைப் பற்றிப் பேசத் துணிவோர் முதலில் தாமே நீதியுடையோராய் விளங்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் நினைவூட்டியது, முதற்கண் நமக்காகவே.

திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ல் மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார். அந்த நாளில் இந்தியாவின் முதல் மே தினக் கொடியைச் சென்னையில் சிங்காரவேலர் 1923-லேயே ஏற்றியிருந்தார். நாசரேத்துத் தச்சரின் பட்டறைக்கு வாசலில் கொடி இருந்ததா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. அவர் கூலி வாங்கி வாழ்ந்தவர் என்பதையும், அக்கூலியில் வளர்ந்தவர் யார் என்பதையும் நாம் அறிவோம். வரும் மே முதல் நாளில் திருப்பலி முடிந்து வீடு திரும்புமுன், நம் பங்கின் எல்லைக்குள் எந்தக் கொடியும் இல்லாத ஆலை வாசல் எங்கே இருக்கிறது, அதற்குள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்டறிவதே அத்திருநாளுக்கு நாம் செய்யும் தக்க தொடக்கமாகும்.